நெல்லுக்கும் ஒரு பேச்சுக்கால்

இன்னும் விளையாத நெல்லுக்கு விலை பேசுவதுதான் என் தொழில்.

வட்டக்கச்சியில் ஓர் அரிசி ஆலைக்காக ஸ்கூட்டியில் வயல் வயலாகப் போவேன். விடிய மகளுக்குப் பால் கொடுத்து மாமியிடம் விட்டுவிட்டு, வரம்பில் இறங்கி ஒரு நெல்மணியை நகத்தால் அமத்திப் பார்ப்பேன். அதிலும் பால் பிடித்திருந்தால் பேச்சைத் தொடங்கலாம். வாய்க்காலின் மேல் பனிப்புகை படுத்திருக்கும். காற்று வந்தால் பச்சை முழுக்க ஒரு பக்கம் சாய்ந்து, பிறகு மெல்ல எழும்பும். எனக்கும் கால் நிலத்தில் இல்லாத மாதிரி இருக்கும். அப்படி மிதந்துகொண்டு விலை சொல்லக் கூடாது என்பது இந்த வேலை பார்க்கிற எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் மிதக்கிறோம், என்ன செய்ய?

தட்டில் வந்த பயித்தம் உருண்டை

சேர்ந்த புதிதில் ஒரு வீட்டுப் படலையைத் திறந்து, "அம்மா, பேசி முடிச்சிட்டுப் போவமெண்டு வந்தனான்" என்றேன். அந்த அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. கதிரை வந்தது, தேத்தண்ணி வந்தது, தட்டில் பயித்தம் உருண்டை வந்தது. உள் அறையில் யாரோ அவசரமாகச் சீலை மாற்றுகிற சரசரப்பு. "பொடியனுக்கு எங்க வேலை?" என்று கேட்டபோதும் நான் ஆலை முதலாளியைத்தான் கேட்கிறா என்று நினைத்து, "வட்டக்கச்சியில சொந்த ஆலை அம்மா" என்றேன். அவவுக்கு இன்னும் சந்தோசம்.

எங்கள் பக்கம் பேச்சுக்கால் என்றாலும் 'பேசி முடிக்கிறது' என்றாலும் கலியாணந்தானே! உருண்டையில் பாதி இறங்கின பிறகுதான் எனக்கு உறைத்தது. வயலைக் காட்டி, நெல்லுக்குத்தான் வந்தேன் என்று சொன்னேன். அவா என்னைப் பார்த்தா, தட்டைப் பார்த்தா. பிறகு சொன்னா: "நெல்லுக்கோ? இது மாப்பிள்ளை வீட்டுக்கெண்டு பிடிச்ச உருண்டை, பிள்ளை. பரவாயில்லை, எடுத்தது எடுத்ததுதான், தின்னும்."

முடிச்சதும் பார்த்து வைச்சதும்

அந்த உருண்டை என்னை வாழ வைத்தது. அதற்குப் பிறகு எல்லாருக்கும் கலியாணக் கதையிலேயே விளங்கப்படுத்தினேன். 'முடிச்சது' என்றால் இன்றைக்கு விலை, அறுவடையில் நெல். இடையில் விலை ஏறினாலும் விழுந்தாலும் இரண்டு பக்கமும் சொன்ன சொல்லில் நிற்க வேணும். 'பார்த்து வைச்சது' வேறு, பொம்பிளை பார்த்து வைத்த மாதிரி, முடித்தே ஆக வேணுமென்றில்லை. விவசாயி போன போகத்து நெல்லில் ஒரு மூட்டையை ஆலைக்குச் சும்மா தர வேணும், அது திரும்பி வராது. அதற்குப் பதில், சொன்ன விலைக்கு நெல்லைத் தரலாம். வெளியில் கூட விலை கிடைத்தால் தராமலும் விடலாம். ஆனால் தைப்பூசத்துக்குள் முடிவு சொல்ல வேணும், பிறகு அந்தப் பேச்சுச் செல்லாது.

கனடாவில் இருக்கிற மச்சானுக்குப் போனில் இதைச் சொன்னேன். அங்கே இதையே கொம்பியூட்டரில் செய்கிறார்களாம். முதலாவது ஃபியூச்சர்ஸ், இரண்டாவது ஒப்ஷனாம். வயலைக் கண்ணால் காணாத ஆக்களும் செய்வார்களாம். "அப்ப நெல்லை எங்க காயப்போடுவினம்?" என்று கேட்டேன். மச்சான் சிரித்துவிட்டுச் சொன்னார்: "அதை ஆரும் கேக்கிறேல்லை மச்சாள், அதுதான் பிரச்சினையே."

செல்வராணி அக்காவின் ஒரு மூட்டை

செல்வராணி அக்காவின் குடும்பம் மலையகத்திலிருந்து வந்து இங்கே வேரூன்றியது. அவா செய்வது குத்தகை வயல். அறுவடையில் விலை விழுந்தால் குத்தகை கட்ட முடியாது, வயல் வேறு ஆளுக்குப் போய்விடும். வயல்காரர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். முடித்து வைக்கவும் அக்காவுக்கு மனமில்லை. விலை ஏறினால் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டி வருமே!

வரம்பில் இருவரும் குந்தியிருந்தோம். கொக்குகள் ஒவ்வொன்றாக இறங்கின. அவா பச்சையையே பார்த்துக்கொண்டிருந்தா. நான் பொறுக்காமல், "அக்கா, விலை ஏறினா அந்த மூட்டை வீண்தானே, யோசிச்சுச் செய்யுங்கோ" என்றேன். அவா எழும்பிச் சீலையைத் தட்டிவிட்டுச் சொன்னா: "ஒரு மூட்டை போனா கஞ்சியில கொஞ்சம் தண்ணி கூடும். வயலு போனா கஞ்சியே இல்ல தங்கச்சி. பார்த்தே வையி."

ரூபனின் முற்றம்

ஓட்டோ ஓடுகிற ரூபனுக்கு ஒரு பரப்பு வயலும் இல்லை. விலை ஏறும் என்று எவரோ சொன்னதை நம்பி, கையில் இருந்த கொஞ்சத்தை முற்பணமாகப் பிரித்துக் கொடுத்து, ஊரில் பாதிப்பேரின் நெல்லைத் தன் பேருக்கு முடித்து வைத்தான். சின்ன முற்பணத்தில் எத்தனை வயல்! பின்னேரங்களில் ஓட்டோவை வாய்க்கால் கரையில் நிறுத்திவிட்டு, ராசா மாதிரிப் பார்த்துக்கொண்டு நிற்பான். ஏறினதும் வேறு ஆளுக்குக் கைமாற்றிவிடலாம் என்பது அவன் கனவு.

எல்லாரும் ஒரே கிழமையில் வெட்டினார்கள், விலை விழுந்தது. கைமாற்ற ஆளில்லை. ஒன்றன்பின் ஒன்றாகப் பெட்டி பூட்டின உழவுமெசின்கள் அவன் வீட்டு முற்றத்தில் மூட்டைகளை இறக்கிவிட்டு மிச்சக் காசுக்கு நின்றன. நான் போனபோது ஓட்டோ விற்பனைக்கு நின்றது, அவன் மூட்டைக்கு மேல் குந்தியிருந்தான். "அக்கா, நான் விலையைத்தானே வாங்கினனான்! இவங்கள் ஏன் நெல்லைக் கொண்டுவந்து கொட்டுறாங்கள்?"

ஆலை வாசலில்

தைப்பூசத்துக்கு முதல் நாள் செல்வராணி அக்கா உழவுமெசின் பெட்டி நிறைய நெல்லோடு ஆலை வாசலுக்கு வந்தா. வெளியில் விலை கிடைக்காது, பேசின விலை கிடைத்தால்தான் வயல். முதலாளி என்னை உள்ளே கூப்பிட்டார். "பார்த்து வைச்சதுதானே பிள்ளை, முடிக்கேல்லையே. பார்த்து வைச்சா மாப்பிள்ளை வீடும் வேண்டாமெண்டு சொல்லலாம். அவவின்ர மூட்டையைத் திருப்பிக் குடுத்து அனுப்பிவிடும்."

என் கலியாணக் கதை என் தலையிலேயே விழுந்தது. எங்கள் வீட்டு உலையும் அந்த ஆலைச் சம்பளத்தில்தான் கொதிக்குது. என்றாலும் சொன்னேன்: "அந்த மூட்டையை அவிச்சுக் குத்தி வித்திட்டம் முதலாளி. வேண்டாமெண்டு சொல்லுற உரிமையை அவா அதால வாங்கினவா. நாங்கள் வித்தனாங்கள். வித்த சாமானை நாங்களே எப்பிடிப் பாவிக்கிறது?"

ஆலை மெசின் நின்றிருந்தது. கூரை ஓட்டை வழியாக வந்த வெயிலில் உமித்தூசு பொன்னாக மிதந்தது. முதலாளி அந்தத் தூசைக் கையால் விலக்கிக்கொண்டு எழும்பினார். பிறகு வாசலுக்குப் போய், "இறக்குங்கோ" என்றார். முதல் மூட்டை தராசில் ஏறினபோது, "ஆனா வாற போகம் பார்த்து வைக்கிறதெண்டா ரெண்டு மூட்டை கேப்பன்" என்றார். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னா: "வயலு இருக்குல்ல முதலாளி? கேளுங்க, பேசிக்கலாம்."

பச்சை வயலைப் பார்த்துக் கனவு காண்பது எல்லாருக்கும் இனாம், அந்தக் கனவு பொய்த்துவிடுமோ என்று பயப்படுகிற வேலை யாருடையது என்று பேசி வைப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.