மூன்று சாவியும் ஒரு தையல் டின்னும்

போன வெள்ளி, ஜும்ஆ முடிந்து கிண்ணியாவில் எங்கள் வீட்டில் கூடியிருந்தோம் – உம்மா, நானா என்று நாங்கள் கூப்பிடும் அண்ணன், தங்கச்சி, நான். இல்லாதவர் வாப்பா. சென்ற வருடம் மௌத்தாகி எங்களை விட்டுப் போய்விட்டார். இல்லாத இன்னொன்று, உம்மாவின் தையல் டின். டின்னின் கதையைப் பிறகு சொல்கிறேன்.

வாப்பா திருகோணமலைத் துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர். எழுதத் தெரியாது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனவன் நான். கம்பஸ் ஹொஸ்டலுக்கு அவர் அனுப்பியதெல்லாம் வொய்ஸ் மெசேஜ்தான். அவருக்கு அதுவும் டெலிபோன் மாதிரி... ஒன்றைக் கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்காகச் சற்று சும்மா இருப்பார்! பின்னால் கப்பல் சங்கு ஊதும்.

அந்தக் குரல்கள் யாருடையவை? எங்களுடையவை என்றுதான் நினைத்திருந்தோம். வாப்பா போன பிறகு அவருடைய நம்பர் செத்தது. கணக்கை மூடிவிட்டதாக ஏதோவொரு கம்பெனி அறிவித்தது. என் பழைய போனில் கிடந்தவை மட்டும் தப்பின.

இனி எந்தக் கம்பெனியின் கையிலும் வேண்டாம்! நானா வீடு, தங்கச்சி வீடு, உம்மாவும் நானும் இருக்கிற வீடு – மூன்றிலும் ஒவ்வொரு சின்னக் கம்ப்யூட்டர் வைத்தேன். ஒன்று பழுதானாலும் மற்றதில் குரல் இருக்கும். குரல்களுக்குக் கம்ப்யூட்டரிலேயே பூட்டுப் போட்டு, அதன் சாவியை மூன்றாகப் பிரித்து, மூன்று பென்டிரைவில் போட்டு, ஆளுக்கொன்று. ஏதாவது இரண்டு சேர்ந்தால்தான் திறக்கும். கரண்ட் போனால் தானாகப் பூட்டிக்கொள்ளும். எனக்கு ஒரே பெருமை.

வெள்ளிக்கிழமை கரண்ட் போய் வந்தது.

"வாப்பாட குரலைக் கொஞ்சம் போடு மகன்," என்றார் உம்மா.

"சாவியை எடுங்க," என்றேன்.

"அதை உம்மாட்டக் குடுத்தனான்," என்றான் நானா.

"நானும் உம்மாட்டத்தான்," என்றாள் தங்கச்சி.

நான்? நானும்தான்... காணி உறுதிப் பத்திரம், நகை, ஐடென்டிட்டி கார்ட் – எங்கள் வீட்டில் முக்கியமான சாமானுக்கு வேறு போக்கிடம் ஏது?

"ஓம், மூண்டையும் ஒண்டாத்தான் வெச்சன். தனித்தனியா வெச்சாத் தொலைஞ்சிடுமே! தையல் டின்னுக்குள்ள கிடக்கு."

"டின் எங்க உம்மா?"

"தோப்பூர் மாமி கொண்டு போயிட்டா. கல்யாணச் சட்டை தைக்கவாம்."

நானா விழுந்து விழுந்து சிரித்தான். "கம்பெனிர கையில வேணாம் எண்டாய்... இப்ப மாமிட கையில!"

எனக்குச் சிரிக்க ஏலவில்லை. மாமிக்குப் போன் போட்டேன்.

"கறுப்புச் சாமானா மகன்? ரெண்டு கிடக்கு. மத்ததை எங்கட பேரன் சப்பிப் போட்டான்."

இரண்டு போதும். அதற்காகத்தானே அப்படிச் செய்தேன்! ஓட்டோ பிடித்துப் போய், அந்தப் பேரன் இவற்றையும் வாயில் வைக்குமுன் இரண்டையும் எடுத்துவந்தேன். பூட்டுத் திறந்தது.

"மகன், சாப்பிட்டியா?" – வாப்பா கேட்டார். நிறுத்தினார். கப்பல் சங்கு ஊதியது.

"ஓம், இப்பத்தான் சாப்பிட்டான்," என்றார் உம்மா, கம்ப்யூட்டரைப் பார்த்து.

"அப்ப சரி," என்றார் வாப்பா.



கம்பெனிகளை நம்பாமல் இருக்கப் படித்தாயிற்று. உம்மாவை நம்பாமல் இருக்க எந்தக் கம்பஸில் சொல்லித் தருகிறார்கள்? புதுச் சாவிகள் செய்து, இந்த முறை ஒரு பங்கை உம்மாவுக்கே கொடுத்துவிட்டேன் – ஒன்றே ஒன்று.

இந்தப் பாடத்துக்குக் கட்டணம்: தோப்பூருக்குப் போய்வந்த ஓட்டோ, ஐயாயிரம் ரூபாய்.