ஆடிட் வரும் வாரம்

காப்பக முற்றத்தில் விரித்திருந்த பாயை அவர் தூக்கிப் பார்த்தபோது அடியில் புல் பச்சைப் பசேலென்று இருந்தது. மாதக்கணக்காகக் குழந்தைகள் படுத்துப் புரளுகிற பாய் என்று சொல்லியிருந்தார்கள். அப்படியானால் புல் வெளுத்துப் போயிருக்க வேண்டாமா? எங்கள் ஆடிட் ஆபீஸர் பாயை மெல்லக் கீழே விட்டார். "அச்சா" என்று மட்டும் சொன்னார்.

டெல்லியில் எங்கே திரும்பினாலும் சாரம் கட்டிக் கட்டடம் எழுந்துகொண்டிருந்த எண்பதுகளின் தொடக்கம் அது. நான் தணிக்கை வேலையில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். குழந்தைகள் காப்பகம் நடத்த அரசு மானியம் வாங்கிய ஒரு சங்கம், அந்தப் பணத்தில் கார் வாங்கி ஓட்டியிருந்தது. வழக்கு வேண்டாமென்று அமைச்சகம் சமரசம் செய்துகொண்டது. கட்டடத் தொழிலாளர்களின் குழந்தைகளுக்குச் சங்கம் தன் செலவில் இரண்டு வருடம் காப்பகம் நடத்த வேண்டும். தவறினால் முழுப் பணமும் வசூல். அது ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பது எங்கள் பொறுப்பு. வேடிக்கை என்னவென்றால், வரும் தேதியைக் கடிதம் எழுதித் தெரிவித்துவிட்டுத்தான் போவோம். திருடனுக்குத் தேதி கொடுத்துவிட்டுப் போகிற போலீஸ் எங்களைத் தவிர வேறெங்கே உண்டு?

செங்கல் சுமந்துகொண்டிருந்த ராஜஸ்தான் பெண் ஒருத்தி எங்களிடம் ஓடி வந்தாள். அவள் குழந்தை உள்ளே பால் குடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது. "சாஹப், ஃபிர் கப் ஆவோகே?" என்றாள். மறுபடி எப்போது வருவீர்கள் என்கிறாள். நாங்கள் வரும் நாளில்தான் காப்பகம் திறக்கிறதாம். மற்ற நாட்களில் குழந்தையின் காலில் கயிறு கட்டி, மணல் குவியலருகே விட்டுவிட்டுத்தான் அவள் சாரம் ஏறுகிறாள்.

"சமரசத்தை மீறிட்டான்னு எழுதிடலாமே, சார்?" என்றேன்.

"எழுதிரலாம்மா. துட்டு கஜானாவுக்குப் போயிரும். அந்தப் பிள்ள எங்க போகும்?"

அவர் திருநெல்வேலிக்காரர். மனசு சரியில்லை என்றால் உட்கார மாட்டார். அன்று பஸ்ஸில் இடம் காலியாக இருந்தும் லோதி ரோடு வரை நின்றுகொண்டே வந்தார்.

மறுநாள் சங்கத்துக்குப் போன கடிதத்தில் தேதி இல்லை. வரும் வாரத்தில் ஏதாவது ஒரு நாள் வருவோம் என்று மட்டும் இருந்தது. வாரம் முழுக்கக் காப்பகம் திறந்திருந்தது. அது முடிவதற்குள் அடுத்த கடிதம். நாங்கள் போவது எப்போதாவதுதான். கடிதம் மட்டும் தவறவே தவறாது. மழைக்காலம் வருமுன் பாயின் அடியில் புல் மஞ்சளாகிவிட்டது. கேஸை ஏன் இன்னும் முடிக்கவில்லை என்று மேலதிகாரி குடைந்துகொண்டே இருந்தார். பரிசீலனையில் உள்ளது என்று எழுதிவிட்டு இவர் அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடப்பார். எனக்கும் இருப்புக் கொள்ளாது. விதிப்படி பார்த்தால் நாங்கள் செய்தது தப்புதான்.

அவரைக் கல்கத்தாவுக்கு மாற்றினார்கள். அடுத்து வந்தவர் கெட்டிக்காரர், நேர்மையானவர். ஒரு குறை சொல்ல முடியாது. கடிதங்கள் நின்றன. மேலிடத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றார். காப்பகம் பூட்டியிருந்தது. அவர் அறிக்கை எழுத, மானியம் வட்டியோடு வசூலானது. ஆபீஸில் லட்டு கொடுத்தார்கள். எனக்கு அதை வாயில் வைக்கப் பிடிக்கவில்லை.

அன்று மத்தியானம் தனியாக அங்கே போனேன். பாய், தொட்டில் எதுவும் இல்லை. சாரத்தின் மேலிருந்து அந்தப் பெண் கூவினாள்: "பெஹன்ஜி, கல் குலேகா க்யா?" நாளைக்குத் திறக்குமா என்று கேட்கிறாள். கீழே மணலில், காலில் கயிற்றோடு, குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது.

சில வருடங்களில் எங்கள் ஆபீஸே அந்தக் கட்டடத்துக்குக் குடிவந்தது. எனக்கு ஜன்னலோர மேஜை கொடுத்தார்கள். கீழே, மணல் கொட்டியிருந்த இடத்தில், வரிசையாக ஆபீஸ் கார்கள் நின்றன. வெயில் அடிக்கிறது என்று சொல்லி வேறு மேஜை கேட்டு வாங்கிக்கொண்டேன்.