இரைகிற கிட்டார்

எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கப்போகிறேன் என்று ஒரு பேச்சுக்குச் சொன்னதுதான் தப்பாகப் போயிற்று. ஏற்காட்டில் மழை எப்போது விடும் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பதில் சொல்வார்கள். கிட்டாருக்கு அதைவிட அதிகமாகச் சொன்னார்கள். வாழ்நாளில் கிட்டாரைத் தொட்டே பார்க்காதவர்களுக்குத்தான் அதில் அசைக்க முடியாத கருத்து இருந்தது.

“பொத்தான் எதுல ஜாஸ்தி இருக்குதோ அத வாங்கு புள்ள. அதே காசுக்கு ரண்டு பொத்தான் கூட வந்தா லாபந்தானே?” என்றார் என் வீட்டுக்காரர். அவர் எஸ்டேட் ஜீப் ஓட்டுகிறவர். மிக்ஸியாக இருந்தாலும் வாஷிங் மெஷினாக இருந்தாலும் பொத்தானை எண்ணித்தான் மதிப்புப் போடுவார். எங்கள் சர்ச்சின் மூப்பர் இன்னும் ஆழமாகப் போனார். என் போனிலிருந்த கிட்டார் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டு, “இதுக்கு ரண்டு கொம்பு இருக்குதே கண்ணு. ஒத்தக் கொம்புன்னாக்கூடப் பரவால்ல. ரண்டு கொம்பு நமக்கு வேண்டாஞ் சாமி, பாத்தாப் பிசாசாட்டம் இருக்குது” என்றார். விரல் உள்ளே போய் மேல் ஸ்வரங்களைத் தொடுவதற்காகக் கிட்டாரின் தோளை வெட்டியிருப்பார்கள். மிச்சமிருப்பது கொம்பு மாதிரித் தெரியும். ஒற்றைக் கொம்பு என்றால் பிசாசு பாதியாகிவிடுமோ என்னவோ, நான் கேட்கவில்லை.

நான் கொட்டச்சேடு பக்கம் ஓர் எஸ்டேட் ஆபீசில் கிளார்க். நாற்பதைத் தாண்டியாயிற்று. பள்ளியில் படிக்கும்போதிருந்தே சர்ச்சில் சாதாரண கிட்டார் வாசிக்கிறேன். பாடுகிறவர்களுக்கு மைக் உண்டு, கீபோர்டுக்குத் தனி ஸ்பீக்கரே உண்டு, கிட்டாருக்கு மட்டும் ஒன்றும் கிடையாது. ஒருமுறை கேட்டதற்கு, “அதுக்குத்தான் வயித்துல ஓட்டை இருக்குதுங்களே, அதுல சத்தம் வராதுங்களா?” என்று பதில் வந்தது. ஆக, இத்தனை வருஷமாக நான் வாசிப்பதை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள், யாரும் கேட்டதில்லை. கீபோர்டின் இரைச்சலில் நானே கேட்டதில்லை. ஒரே ஒருமுறை என் சத்தம் பெரிய ஸ்பீக்கரிலிருந்து வெளியே வந்து நாலு பேர் காதில் விழ வேண்டும். அந்த ஆசையை வெட்கத்தில் வீட்டில்கூடச் சொன்னதில்லை.

வாழவந்தியில் மைக் செட் வாடகைக்கு விடுகிற ஒருவர் ஆர்க்கெஸ்ட்ராவும் நடத்துகிறார். ஒரு கல்யாணத்தில் நான் வாசிப்பதைப் பார்த்துவிட்டு வந்து நின்றார். “நம்ம மலைல பொம்பளைங்க கிட்டார் வாசிச்சு நான் பாத்ததே இல்லீங்க! எலெட்ரிக் கிட்டார் ஒண்ணு வாங்கிட்டு வந்துருங்க, நம்ம குரூப்புல சேத்திக்கறனுங்க” என்றார். அவர் கேட்டேன் என்று சொல்லவில்லை, பார்த்தேன் என்றுதான் சொன்னார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஆனால் நான் தரையிலேயே இல்லை.

எது வாங்குவது என்று வீடியோ பார்க்கத் தொடங்கினேன். எங்கள் வீட்டில் சிக்னல் கிடையாது. வெள்ளக்கடை ரோட்டில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றால்தான் படம் ஓடும். அங்கே குடையைப் பிடித்துக்கொண்டு, எங்கோ ஒரு வெளிநாட்டுக்காரர் ஒரே மெட்டை இரண்டு கிட்டாரில் வாசித்துவிட்டு, வித்தியாசம் தெரிகிறதா என்று புருவத்தை உயர்த்துவதைப் பார்த்தேன். என் போன் ஸ்பீக்கரில் இரண்டும் கொசு மாதிரிதான் இருந்தன. இரண்டாவது கொஞ்சம் தடித்த கொசு. அவர்கள் டோனைப் பற்றிப் பேசுகிற பேச்சு அதைவிட வேடிக்கை. இது வெண்ணெய் மாதிரி டோன், அது க்ரீம், இன்னொன்று சாக்லேட். காதுக்கு வாங்குகிறார்களா வாய்க்கு வாங்குகிறார்களா என்றே தெரியவில்லை. பத்து வீடியோ பார்த்ததில் எனக்குப் பசிதான் எடுத்தது.

விஷயம் என்னவோ எளிமையானதுதான். கிட்டாரின் கம்பிக்குக் கீழே செம்புக் கம்பி சுற்றிய காந்தம் இருக்கிறது. அதுதான் அதிர்வைப் பிடித்து ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. அப்படி ஒரு சுருள் இருந்தால் சிங்கிள் காயில். அதன் சத்தம் மெல்லிசாக, கூர்மையாக, ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாக விழும். பக்கத்தில் லைட் எரிந்தால் அந்தக் கரண்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு இரையும். இரண்டு சுருளைச் சேர்த்து வைத்தால் டபுள் காயில். சத்தம் தடித்து நீண்டு நிற்கும், இரையாது. இதைச் சொல்வதற்கு அந்த வெளிநாட்டுக்காரருக்கு அரை மணி நேரம், நடுவில் அவர் வீட்டு நாய் வேறு வந்து போகிறது.

ஒரு சனிக்கிழமை நானும் என் வீட்டுக்காரரும் சேலத்துக்கு இறங்கினோம். கடையில் குடுமி போட்ட ஒருவர் வரவேற்றார்.

“எந்த ஸ்டைல் வாசிப்பீங்க மேடம்? ப்ளூஸா, ஜாஸா, மெட்டலா?”

“வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயில், சனிக்கிழமை ரிசார்ட், ஞாயித்துக்கிழமை சர்ச்சுங்க. நடுவுல காதுகுத்து வந்தா அதுவும்” என்றேன்.

அவர் முகத்தில் பரிதாபம் தெரிந்தது. பிறகு ஒவ்வொரு கிட்டாராக எடுத்து அவரே வாசித்துக் காட்டினார். எல்லாவற்றிலும் ஒரே மாதிரி, நாய் துரத்துகிற வேகத்தில். ப்ளூஸுக்கு இது, மெட்டலுக்கு அது என்று பெயர் மட்டும் மாறியது, ஓட்டம் மாறவில்லை. என் கையில் ஒன்றைக்கூடத் தரவில்லை. கடைசியில், “லேடீஸுக்கு இது கரெக்டா இருக்கும் மேடம், வெயிட் கம்மி” என்று ரோஸ் நிறத்தில் ஒன்றை நீட்டினார். அதற்குப் பிறகு ஒரு கறுப்புக் கிட்டாரை எடுத்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “இது மஹோகனி. மரந்தான் மேடம் டோனே” என்றார்.

என் வீட்டுக்காரர் குனிந்து அதன் முதுகில் விரல் முட்டியால் தட்டினார். மரத்தைத் தட்டிப் பார்க்காமல் எங்கள் மலையில் ஸ்டூல்கூட வாங்க மாட்டார்கள். “சில்வர் ஓக்காட்ட இருக்குதுங்களே” என்றார். எஸ்டேட்டில் மிளகுக் கொடி ஏற்றிவிடுகிற மரம் அது. கடைக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. கண்ணாடி மாதிரிப் பூசியிருந்த அந்தக் கறுப்பு பெயிண்டுக்கு அடியில் என்ன மரம் என்று அந்த இரண்டு பேருக்குமே தெரியாது. தெரியாத இருவரும் பத்து நிமிஷம் விவாதித்தார்கள்.

“குடுங்க, நான் வாசிச்சுப் பாக்கறேன்” என்றேன். கடையில் முதல்முறையாக என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

நானே கோத்து வைத்திருந்த ஒரு சின்ன இசைத்துண்டை முதலில் அந்தக் கறுப்பு டபுள் காயிலில் வாசித்தேன். நன்றாகத்தான் இருந்தது, பெரிய இடத்துச் சத்தம். ஆனால் ஸ்வரங்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு ஆறின உப்புமாவாக வந்தன. யார் வாசித்தாலும் அது அப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது. பிறகு சிங்கிள் காயில் கிட்டார் ஒன்றில் அதையே வாசித்தேன். ஒவ்வொரு ஸ்வரமும் எழுந்து தனியாக நின்றது. மெதுவாகத் தொட்டால் மெதுவாக, அழுத்தித் தொட்டால் கோபமாக. இத்தனை வருஷம் கீபோர்டுக்கு அடியில் கிடந்தது இதுதானா என்று இன்னொரு தடவை வாசித்தேன். கூடவே ஒரு மெல்லிய இரைச்சலும் வந்தது. “அது நாய்ஸ் இல்ல மேடம், கேரக்டர்” என்றார் கடைக்காரர். அதையே வாங்கினேன். அதற்கு இரண்டு கொம்பு. மூப்பரைப் பிறகு சமாளித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

முதல் கச்சேரி ஒரு மாரியம்மன் திருவிழாவில். மேடையைச் சுற்றிலும் தலைக்கு மேலேயும் சீரியல் லைட்டாகக் கட்டியிருந்தார்கள். ஆர்க்கெஸ்ட்ராக்காரர் மேடையின் பின்பக்கம், குச்சியால் தட்டுகிற ரிதம் பேடோடு உட்கார்ந்திருந்தார். எல்லா வயரும் அவர் கைக்குப் பக்கத்திலிருந்த மிக்சரில்தான் போய்ச் சேரும். என்னை மேடையின் முன் ஓரத்தில் நிற்க வைத்தார். வயரைச் சொருகினேன். கடைக்காரர் சொன்ன அந்தக் கேரக்டர் வண்டுக்கூட்டமாகக் கிளம்பியது. பாடகி பாட்டை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் பதறிப்போய், என்ன செய்ய என்று கேட்கப் பின்பக்கம் திரும்பினேன். இரைச்சல் சட்டென்று அடங்கியது. முன்பக்கம் திரும்பினேன், வந்தது. மறுபடி திரும்பினேன், அடங்கியது. சிங்கிள் காயில் திசைக்கு ஏற்றபடிதான் இரையும் என்பதை வீடியோவில் வந்த எந்த வெண்ணெய்க்காரரும் எனக்குச் சொல்லவில்லை.

“ஏனுங்க, ஜனங்களுக்கு முதுகக் காட்டாதீங்க, திரும்புங்க!” என்று பேட் குச்சியை ஆட்டினார் ஆர்க்கெஸ்ட்ராக்காரர். திரும்பினேன். இரைச்சலோடு இரண்டு பாட்டு போயிற்று. மூன்றாவது பாட்டில் இரைச்சல் தானாக நின்றது. அவர் ஏதோ செய்து சரிபண்ணிவிட்டார் என்று மனசுக்குள் அவருக்கு நன்றி சொன்னேன். கிட்டார் வரவேண்டிய இடத்திலெல்லாம் ஸ்பீக்கரிலிருந்து கிட்டார் சத்தம் வந்தது. கொஞ்சம் தடித்துக் கேட்டது. காற்று அப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டு உயிரைக் கொடுத்து வாசித்தேன்.

முடிந்ததும் ஊர்க்காரர் ஒருவர் மேடைக்கே வந்து, “அக்கா, கிட்டாரு கணீர்னு இருந்துச்சுங்க” என்றார். அன்றைக்கு அவர் என் காதைக் கேட்டிருந்தாலும் அறுத்துக் கொடுத்திருப்பேன். ஆர்க்கெஸ்ட்ராக்காரர் வயரைச் சுருட்டிக்கொண்டே விழுந்து விழுந்து சிரித்தார்.

“உங்க வயர மூணாவது பாட்டுலயே புடுங்கிட்டனுங்க! நொம்ப இரைச்சலுங்க. கீபோர்டுலயே கிட்டார் சத்தம் வெச்சு ஓட்டியாச்சு. ஒருத்தருக்குந் தெரியல பாத்தீங்களா? நீங்க முன்னாடி நிக்கறதுதானுங்க நமக்கு வேணும். இனிமே வயரே வேண்டாம், சும்மா புடிச்சுட்டுச் சிரிச்சாப்புல நின்னீங்கன்னாப் போதும்.”

கெட்ட எண்ணத்தோடு அவர் சொல்லவில்லை. ஒரு பிரச்சினையைத் தீர்த்துவிட்ட திருப்தியில் சொன்னார். எனக்கு அவமானத்தில் காது இரண்டும் சுட்டது. சர்ச்சில் மைக் இல்லாமல் கேட்கவில்லை. இங்கே ஊரே என்னைப் பாராட்டியும் கேட்கவில்லை.

“வாஸ்து பாத்து வாசிக்கற கிட்டாராப் பாத்து வாங்கியிருக்கறயே புள்ள” என்று வண்டியில் வரும்போது என் வீட்டுக்காரர் சிரிக்கவைக்கப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை. “டபுள் காயிலாவே மாத்திட்டு வந்தர்லாம் உடு” என்றார். கடைக்காரரும் போனில் அதையேதான் சொன்னார். இரண்டு பேரும் சொன்னது நியாயம்தான். ஆனால் இரையாமல் இருப்பதற்காக வேறு யாரோ மாதிரி வாசிப்பது என்றால், அதற்குக் கீபோர்டே போதுமே. மாற்ற மாட்டேன் என்றேன். ஆர்க்கெஸ்ட்ராவை விட்டுவிடு என்று ஒருவரும் சொல்லவில்லை, நானும் விடுவதாக இல்லை.

அடுத்த சனிக்கிழமை ஒரு ரிசார்ட்டின் புல்வெளியில் கச்சேரி. இங்கே மரத்துக்கு மரம் சீரியல் லைட். ஆர்க்கெஸ்ட்ராக்காரர் மைக் கட்டிக்கொண்டிருந்தபோது நானே போய் என் வயரை மிக்சரில் சொருகிவிட்டு வந்தேன். பாட்டு தொடங்கியது. நான் ஜனங்களுக்கு முதுகைக் காட்டி, அவருக்கு நேராகத் திரும்பி நின்றேன். இரைச்சல் அடங்கியது.

“ஏனுங்க, திரும்புங்க, எல்லாரும் பாக்கறாங்க.”

“பாக்கட்டுங்க” என்றேன்.

அவர் கை மிக்சர் பக்கம் போயிற்று. நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். முன்பக்கம் பார்த்து நிற்கிறவளிடம் எதை வேண்டுமானாலும் பிடுங்கிவிடலாம். இப்போது என் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் பிடுங்க வேண்டும். கை வயரைத் தொட்டது, கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது, பிறகு பேட் குச்சிக்குத் திரும்பி வந்தது. பின்னாலிருந்து யாரோ, “மேடம், இந்தப் பக்கம் திரும்புங்க, போட்டோ எடுக்கணும்” என்று கத்தினார்கள்.

சரணத்துக்கு முந்தைய இடம் வந்தது, அது கிட்டாருக்கு உரிய இடம். வாசித்தேன். புல்வெளியின் கோடியில் இருந்த ஸ்பீக்கரிலிருந்து என் சத்தம் கிளம்பிப் போனது எனக்குக் கேட்டது. பாதியில் பதற்றத்தில் விரல் வழுக்கி ஒரு ஸ்வரம் தப்பாக விழுந்தது. பாடகி திரும்பிப் பார்த்தாள், கீபோர்டுக்காரர் உதட்டைப் பிதுக்கினார், பின்னால் ஒரு மேசையில் யாரோ சிரித்தார்கள். அத்தனை பேருக்கும் அது கேட்டிருக்கிறது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.