என் பெயரில் கொஞ்சம் பங்கு

லேக் கார்டன்ஸில் எங்கள் மாடியில் இருந்த வங்காளி தாதா (அங்கே அண்ணனைத் தாதா என்பார்கள்), மின்விசிறி ரெகுலேட்டர் செய்யும் சின்னத் தொழிற்சாலை ஆரம்பித்தார். வங்கிக் கடன் பற்றவில்லை. தெரிந்த நாலைந்து பேரைப் பங்கு எடுத்துக்கொள்ளச் சொன்னார். அப்பா எனக்கென்று விட்டுப்போன பணத்தை, என் கணவர் பேச்சைக் கேட்டு, நான் போட்டேன். ஷேர் மார்க்கெட்டில் விற்கிற பங்கு இல்லை அது. லாபம் வரும்வரை, அல்லது வாங்க ஓர் ஆள் வரும்வரை, காத்திருக்க வேண்டியதுதான்.

பிறகு லோட் ஷெட்டிங் காலம் வந்தது. பாதிநாள் மின்சாரம் இல்லை. இயந்திரங்கள் சும்மா கிடந்தன. தாதாவின் முகம் தொங்கிப்போயிற்று. எனக்கோ சித்தப்பாவின் நினைவு வந்தது. அவர் யாரோ ஒருவருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டு வீட்டையே இழந்தவர். நானும் பங்குக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேனே! கம்பெனி மூழ்கினால், என் பெயரில் இருக்கும் இந்த இரண்டு அறை வீட்டையும் வங்கி ஜப்தி செய்துவிடும் என்றே நம்பினேன். தாதாவின் மனைவியை, மாடி வீட்டு போதியை (அண்ணியை), கண்டாலே ஒதுங்கிப் போனேன்.

ஒருநாள் கறுப்புக் கோட்டு வக்கீல் ஒருவர் கதவைத் தட்டினார். வீட்டில் யாரும் இல்லை என்று உள்ளிருந்தே வங்காளியில் கத்தினேன். அவர் வெளியே நின்று சிரித்தார். வேறு வழியில்லாமல் கதவைத் திறந்தேன்.

பவானிபூர் வியாபாரி ஒருவர் கம்பெனியை மொத்தமாக வாங்குகிறாராம். போட்டதற்கு மேலேயே கிடைக்குமாம். என் சம்மதம் வேண்டும் என்றார்.

"சரி, மூழ்கியிருந்தால் என் வீடு?" என்று கேட்டேன்.

"நீங்கள் போட்ட பணம் போயிருக்கும், அவ்வளவுதான். பங்கு வைத்திருப்பவரிடம் வங்கி வேறெதுவும் கேட்க முடியாது. நீங்கள் ஜாமீன் இல்லையே!"

அப்பாடா! சாயங்காலம் கணவரைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒரு வார்த்தை சொல்லப்படாதோ? தூக்கமே இல்லாம கிடந்தேனே!"

"நீ கேக்கவே இல்லையே."

நல்ல மனுஷர்! கோபமும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

அந்த நிம்மதியில் மாடிக்கு ஓடினேன். இத்தனை நாள் முகம் கொடுக்காததற்கு போதி திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"மற்றவர்கள் எல்லாரும் பணத்தைத் திருப்பிக் கேட்டு வாசலில் வந்து நின்றார்கள். நீ ஒருத்திதான் எங்களை நம்பிப் பேசாமல் இருந்தாய்" என்றாள், கண் கலங்க.