மாத்தளையில் ஒரு ஜப்பானியக் கோடை விழா: வில்கமுவவிலிருந்து மலையேறிப் போன கதை

என் கணவர் தினேஷ் ஜப்பானுக்குப் போய் நான்கரை வருடமாகிறது. குளிர்காலத்தில் ஆளுயரத்துக்குப் பனி கொட்டும் ஒரு சிறு நகரத்தில், முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பாளராக வேலை செய்கிறார். கல்யாணம் முடிந்து ஐந்தாம் மாதம் போனவர், இடையில் ஒரே ஒரு தடவை இரண்டு வார லீவில் வந்துபோனார். இந்த வருடம் மார்ச்சில் அங்குள்ள பரீட்சையில் பாஸாகிவிட்டார். இனி மனைவியையும் கூப்பிட்டுக்கொள்ளலாம். "வா" என்றார். நான் "பார்ப்போம்" என்றேன். ஆகஸ்ட் வரை அந்தப் "பார்ப்போம்" தான் ஓடிக்கொண்டிருந்தது.

போக விருப்பமில்லாமல் இல்லை. ஒவ்வொரு கோடையிலும் அவர் படங்கள் அனுப்புவார். வரிசையாகத் தொங்கும் காகித விளக்குகள், பூப்போட்ட பருத்தி அங்கி போட்ட பெண்கள், நடுவில் மேளம், சுற்றிலும் வட்டமாக ஆட்டம். பார்க்கப் பார்க்க, நான் இல்லாமலே அவருக்கு அங்கே ஒரு முழு வாழ்க்கை அமைந்துவிட்டது போலத் தோன்றும். அதற்குள் நான் போய் எங்கே உட்காருவது?

அப்போதுதான் வங்கியில் என்னோடு வேலை செய்யும் ஒருவர் போனில் ஒரு விளம்பரம் காட்டினார். மாத்தளையில் ஜப்பானிய மொழி படிப்பவர்களும் கராத்தே, ஜூடோ பழகுபவர்களும் சேர்ந்து கோடை விழா நடத்துகிறார்களாம். நமக்கேது கோடை என்று கேட்காதீர்கள். ஆகஸ்ட் லீவுக்கு அவர்கள் வைத்த பெயர் அது. அவ்வளவு தூரம் போவதற்கு முன்னால், பஸ் போகும் தூரத்தில் இருப்பதையாவது பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன்.

நான் வேலைக்காக அறை எடுத்துத் தங்கியிருப்பது வில்கமுவ பக்கம். தினேஷின் வீடு இரத்தோட்டையில். வில்கமுவவிலிருந்து மலையைக் கடந்து மாத்தளைக்குப் போக காலை ஐந்தே முக்காலுக்கு ஒரு பஸ் உண்டு. அதை விட்டால் அன்றைய திட்டத்தையே விட்டுவிடலாம். டிக்கெட் 340 ரூபா, தூரம் ஏறக்குறைய எண்பது கிலோமீட்டர், நேரம் நான்கு மணித்தியாலம். வலது பக்கம் உட்காராதீர்கள், காலை வெயில் முகத்திலேயே அடிக்கும் என்று எழுத நினைத்தேன். ஆனால் இந்தப் பாதையில் வளைவுகள் அதிகம், எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் பாதி நேரம் வெயில்தான்.

லக்கல வரை வயல், வாய்க்கால், டிராக்டர். அதன் பிறகு ஏற்றம். இலுக்கும்புரவில் பத்து நிமிடம் நிறுத்தினார்கள். பிளேன்டீ ஐம்பது ரூபா. என் போனில் இருந்த விளம்பரத்தை எட்டிப் பார்த்த டிரைவர், "மிஸ் கராத்தே பழகப் போறீங்களா?" என்று சிங்களத்தில் கேட்டார். பார்க்கத்தான் போகிறேன் என்றேன். "அப்ப சரி. திரும்பி வர்றப்போ மிச்சக் காசுக்குக் கண்டக்டரோட சண்டை போட மாட்டீங்க" என்றார். கண்டக்டர் உடனே மிச்சத்தைத் தந்தார்.

ரிவர்ஸ்டன் கணவாயை பஸ் தாண்டும்போது காற்று ஜன்னல் கண்ணாடிகளைத் தடதடவென்று ஆட்டும். கிழக்கே காய்ந்த புல், உச்சியில் மூடுபனி, அந்தப் பக்கம் இறங்கினால் தூறல். ஒரே பயணத்தில் மூன்று காலநிலை. சுவெட்டர் ஒன்று கையில் வைத்துக்கொள்ளுங்கள். இரத்தோட்டை கடைத்தெருவில் பஸ் நின்றபோது மாமியாருக்குப் போன் செய்து, இரவு தங்க வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். எதற்கு மாத்தளை போகிறேன் என்று சொல்லவில்லை. சொன்னால், ஜப்பானுக்குப் போக முடிவெடுத்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்வார்.

மாத்தளை பஸ் நிலையத்தில் இறங்கும்போது பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால். விழா நடந்த பாடசாலை மைதானம் அங்கிருந்து நடக்கும் தூரம்தான். முச்சக்கரவண்டிக்காரர் இருநூறு ரூபா கேட்டார், நான் நடந்தே போனேன். அனுமதி இலவசம்.

வாசலில் காகித விளக்குகளைக் கயிற்றில் கட்டியிருந்தார்கள். மொழி படிக்கும் மாணவர்களே செய்தவையாம். சிலது உருண்டை, சிலது வெசாக் பண்டிகை விளக்குக் கூட்டின் சாயல். உள்ளே முதலில் அங்கி உடுத்திவிடும் கூடாரம், முந்நூறு ரூபா. உடுத்திவிட்ட பெண் என் வலது கையைத் தட்டிவிட்டு, இடது பக்கத்துத் துணிதான் மேலே வர வேண்டும், மாற்றிப் போட்டால் இறந்தவர்களுக்கு உடுத்துவது போலாகிவிடும் என்றார். பக்கத்தில் தூரிகையால் பெயர் எழுதிக் கொடுத்தார்கள். கலா என்று சொன்னேன். அந்த மொழியில் 'ல' கிடையாது, அதனால் 'கரா' என்றுதான் வரும் என்று சொல்லி, எழுதிய இளைஞர் தயங்கினார். "கராத்தேல வர்ற அதே கரா மாதிரி கேக்கும் அக்கா. வெறுமைன்னு அர்த்தம். பரவாயில்லையா?" பரவாயில்லை என்று வாங்கி மடித்துப் பையில் வைத்தேன்.

பதினொரு மணிக்குக் கராத்தே. தேங்காய் நார் மெத்தைமேல் நீலத் துணி விரித்திருந்தார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த ராணி அக்கா. கொழுந்தெடுப்பவர், அன்றைக்கு அரைநாள் பேரை, அதாவது அரைநாள் கூலியை, விட்டுவிட்டு வந்திருந்தார்.

"மூணாவதா நிக்கிறது எம் மகளுங்க" என்றார். "வீட்ல கரப்பான் வந்தா கட்டிலு மேல ஏறிருவா. இங்க நிக்கிற நிப்பப் பாருங்க."

பார்த்தேன். பதினேழு வயதிருக்கும். முன்னால் யாரோ நிற்பது போல நினைத்துக்கொண்டு தடுக்கிறாள், திரும்புகிறாள், குத்துகிறாள். ஒவ்வொரு அசைவும் முடியும் இடத்தில் ஒரு கணம் அசையாமல் நின்றது. கடைசியில் அவள் குரல் கொடுத்தபோது ராணி அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

கைதட்டல் அடங்கியதும் என்னிடம் மெதுவாகக் கேட்டார். "பாசையும் படிக்கிறாங்க. பாஸ் பண்ணினா ஜப்பானுக்கே போகலாமுன்னு சேர் சொல்றாரு. போகட்டும், நா தடுக்கல. ஆனா போனவங்க திரும்பி வர்றாங்களா மிஸ்? ஒங்களுக்குத் தெரிஞ்சவங்க யாரும் போயிருக்காங்களா?"

"என் வீட்டுக்காரர் போயிருக்காரு."

"வந்துட்டாரா?"

"இன்னும் இல்லக்கா."

ராணி அக்கா தன் பையிலிருந்த பார்சலைப் பிரித்து, ரொட்டியில் பாதியைப் பிய்த்து என் கையில் வைத்தார்.

பிற்பகல் வெயிலில் உணவுக் கடைகள் பக்கம் போனேன். தினேஷ் அடிக்கடி சொல்லும் தகோயாகியை அங்கேதான் முதன்முதலாகப் பார்த்தேன். நம்முடைய குழிப்பணியாரமேதான். மாவுக்குள் ஒரு துண்டு ஒக்டோபஸ் வைத்து, குச்சியால் உருட்டி உருட்டிச் சுடுகிறார்கள். கடை வைத்திருந்தவர் மாத்தளை டவுனைச் சேர்ந்த நிசார் நானா. பதினோரு வருடம் ஜப்பானில் பழைய வாகன யார்டில் வேலை செய்துவிட்டு வந்தவர். ஆறு உருண்டை நானூற்றைம்பது ரூபா.

"ஒக்டோபஸுக்கு நான் எங்க போற தங்கச்சி? இது கணவாய் மீன்" என்றார். "சட்டி மட்டும் அங்கத்த சட்டி. வாப்பா மௌத்தாகினதுன்னு அடக்கத்துக்கு அவசரமா வந்தன். பொறகு போக ஏலாமப் போச்சு. சாமான்ல இது ஒண்டுதான் மிஞ்சி ஈக்குது."

அங்கே இருந்தபோது ஊர் ஞாபகம் வருமா என்று கேட்டேன். எண்ணெய் தடவிக்கொண்டே சொன்னார். "அங்க ஈக்கக்குள்ள மாத்தளைய நெனச்சி அழுதிருக்கன். இப்ப கடையச் சாத்தினா, யார்டுக்குப் பின்னால ரயில் போற சத்தம் காதுக்க கேக்குது. பொஞ்சாதி சிரிக்கிறா. என்ன செய்ய."

முதல் உருண்டை நாக்கைச் சுட்டது. இரண்டாவதில் ருசி தெரிந்தது. இனிப்பும் உப்பும் கலந்த ஒரு குழம்பு, மேலே மீன் சீவல். இத்தனை நாள் போனில் பெயராக மட்டும் கேட்டது இதுதான். நான்காவதைச் சாப்பிடும்போது, பக்கத்தில் அவர் நின்று இதைச் சாப்பிட்டால் எப்படி ஊதி ஊதிச் சாப்பிடுவார் என்று நினைத்தேன். அதன் பிறகு மிச்சம் இரண்டும் இறங்கவில்லை.

மாலை ஐந்தரைக்கு ஆட்டம் தொடங்கியது. மைதானத்தின் நடுவில் மரமேடை, அதன்மேல் பீப்பாயில் தோல் கட்டிச் செய்த பெரிய மேளம். இறந்துபோன முன்னோர்கள் வருடத்தில் சில நாட்கள் வீட்டுக்கு வருவார்கள், அவர்களை வரவேற்று ஆடுவது இது என்று மைக்கில் மூன்று மொழியிலும் சொன்னார்கள். அந்த நாட்களில் ஜப்பானில் எங்கெங்கோ இருப்பவர்கள் எல்லாரும் சொந்த ஊருக்குத் திரும்பிவிடுவார்களாம். மேளம் கேட்டதும் எனக்கு இருக்க முடியவில்லை. தினேஷுக்கு வீடியோ அழைப்பு எடுத்தேன். அங்கே மணி ஒன்பது.

வேலை உடுப்போடு ஒரு நீளமான தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருந்தார். "என்ன சத்தம் அது?"

"மாத்தளை. பாருங்க, நீங்க ஆடுற அதே ஆட்டம்." போனைத் திருப்பிக் காட்டினேன்.

"நான் ஆடினதே இல்லையே கலா" என்றார்.

"படமெல்லாம் அனுப்பினீங்களே?"

"அதெல்லாம் என்கூட வேலை செய்ற பிள்ளைங்க அனுப்புறது. அந்த நாள்ல இங்க உள்ளவங்க எல்லாம் ஊருக்குப் போயிருவாங்க. வெளிநாட்டு ஆளுங்க நாங்கதான் டியூட்டி பார்ப்போம். மைதானம் பக்கத்துலதான். வீல்செயார்ல இருக்கிறவங்கள ஜன்னலுக்கிட்டத் தள்ளிட்டுப் போயி வச்சிட்டு, நானும் பின்னால நின்னு பார்ப்பேன். விளக்கு தெரியும். ஆளுங்க தெரியாது."

"ஏன் சொல்லல?"

"நீ சந்தோசப்பட்டியே அந்தப் படங்களப் பார்த்து. அதான்."

நான்கு கோடையாக நான் பொறாமைப்பட்ட வாழ்க்கையை அவரும் என்னைப் போலக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பார்த்திருக்கிறார்.

"நீ போய் ஆடு" என்றார். "நான் பார்க்கிறேன்."

நிசார் நானாவிடம் போனைக் கொடுத்துவிட்டு வட்டத்துக்குள் போனேன். மூன்றடி முன்னால், ஓரடி பின்னால், நிலக்கரி வாரித் தோளுக்குப் பின்னால் கொட்டுவது போலக் கையசைவு. நான் முன்னால் போகும்போது வட்டமே பின்னால் வந்தது. அங்கி காலைத் தடுக்கியது. இரண்டாவது சுற்றில் கை பிடிபட்டது, கால் பிடிபடவேயில்லை. கடைப்பக்கம் கடக்கும்போதெல்லாம் நிசார் நானா போனை உயர்த்திப் பிடித்தபடி தினேஷோடு ஜப்பானிய மொழியில் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். தினேஷ் சிரித்த சத்தம் மேளத்துக்கும் மேலே கேட்டது. தினமும் என்னோடு பேசும்போது அந்தச் சிரிப்பு வருவதில்லை. தனியாக இருக்கும் என்னைப் பயப்படவிடாமல் பேசுவதிலேயே அவர் நேரம் போய்விடுகிறது.

திரும்பி வந்து போனை வாங்கினேன். மூச்சு வாங்கியது. "நான் வர்றேங்க" என்றேன். "பாசை படிச்சிட்டு வர்றேன்."

"வந்தாலும் அன்னைக்கு எனக்கு டியூட்டிதான் கலா. அத மாத்த முடியாது."

"பரவாயில்ல. நான் வெளிய ஆடுறேன். நீங்க ஜன்னல்ல நின்னு பாருங்க. ஆளு தெரியுதான்னு பார்ப்போம்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். யாரோ மணி அடித்துக் கூப்பிட்டார்கள், போக வேண்டும் என்றார்.

கடைசி இரத்தோட்டை பஸ்ஸைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நான் ஆறரை பஸ்ஸில் ஏறினேன். வில்கமுவ, லக்கல பக்கத்திலிருந்து வருபவர்கள் அன்றே திரும்ப நினைக்க வேண்டாம், மாலையில் மலைப்பாதையில் பஸ் கிடைப்பது கஷ்டம். இரத்தோட்டையிலோ மாத்தளையிலோ தங்குவதற்கு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். மாத்தளைக்குக் கிட்டவே இருக்கும் யட்டவத்த பக்கமிருந்து வருபவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. குடையும் தண்ணீரும் அவசியம், மைதானத்தில் நிழல் இல்லை. ஹலால் உணவு பற்றி யோசிப்பவர்கள் எந்தக் கடையிலும் கேட்கலாம், சலித்துக்கொள்ளாமல் சொன்னார்கள். காலையில் வந்து மதியத்தோடு கிளம்பிவிடாதீர்கள். கராத்தேயைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் போய்விட்டார்கள். ஆட்டம் மாலையில்தான். எனக்கு அன்றைக்கு ஆன செலவு, பஸ், சாப்பாடு, அங்கி எல்லாம் சேர்த்து ஆயிரத்து ஐந்நூறுக்குள்.

அன்றிரவு மாமியாரிடம் விஷயத்தைச் சொன்னேன். "ரெண்டு பேரும் அங்க இருந்தா, ஒரே போன்லயே ரெண்டு பேரோடயும் பேசிரலாம்" என்றார். அடுப்பைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மாத்தளையில் மொழி வகுப்புக்குப் போகிறேன். சனிக்கிழமையே மலையேறி வந்து மாமியாரோடு தங்கிவிடுகிறேன். விசா வேலை முடிய இன்னும் பல மாதம் ஆகுமாம். போன வாரம் 'ததாய்மா' என்ற சொல்லைப் படித்தோம். வெளியே போனவர் வீட்டுக்குத் திரும்பி, வாசலில் நின்று, வந்துவிட்டேன் என்று சொல்வது. டீச்சர் எங்களை ஒவ்வொருவராக வெளியே அனுப்பி, கதவைத் திறந்து உள்ளே வந்து சொல்ல வைத்தார். என் முறை வந்தது. சொன்னேன். வகுப்பில் இருந்த அத்தனை பேரும் ஒரே குரலில், வா வா என்கிற அர்த்தத்தில், 'ஒகாஎரி' என்று பதில் சொன்னார்கள். சரியாகச் சொன்னதாக டீச்சர் பாராட்டினார். நான் கதவிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். அந்தப் பதிலை எனக்குச் சொல்ல வேண்டியவர் ஒருவர்தான்.