போட்டாச்சு

கோவில்பட்டியில் ஒரு டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரியில், மருந்து கொடுக்கும் ஜன்னலில் பல வருஷம் வேலை பார்த்தேன். படிப்பு ஐந்தாம் வகுப்பு. மாத்திரையை எடுத்து வைப்பது கம்பவுண்டர். எப்படிச் சாப்பிட வேண்டும் என்று சொல்லி அனுப்புவது நான்.

வலி மாத்திரை என்றால் மூன்று விஷயம் சொல்லியாக வேண்டும் என்பது டாக்டரம்மாவின் கண்டிப்பு. சோறு சாப்பிட்ட பிறகுதான் மாத்திரை. காலித் தீப்பெட்டியில் வைக்கக் கூடாது, பிள்ளைகள் எடுத்து விளையாடும். மூன்றாவது, "வலி நின்னதும் மிச்சத்தப் போட்டுருங்க." அவர் சொல்லிக் கொடுத்தபடி ஒப்பிப்பேன். கூச்சத்தில் அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

எப்போதும்வென்றான் கிராமத்திலிருந்து இடுப்புப் பிடிப்போடு வந்த சூசை அண்ணாச்சிக்குக் கொஞ்சம் வீரியமான மாத்திரை. அவருக்கும் ஒப்பித்தேன்.

அடுத்த வாரம் அவர் சம்சாரம் மட்டும் ஜன்னலுக்கு வந்தார்.

"வலி போயிட்டு தம்பி. நீங்க சொன்ன மாதிரியே மிச்சம் பூராத்தையும் போட்டுட்டாவ. இப்பம் வண்டியில படுத்துக் கெடக்காவ. எழுப்புனா எந்திரிக்க மாட்டேங்காவ."

எங்கள் பக்கம் மாத்திரை போட்டாச்சு என்றால் அது வயிற்றுக்குள் போய்விட்டது என்று அர்த்தம். தூரப் போடச் சொன்னதை அவர் முழுங்கிவிட்டார் என்று ஓடிப்போய் டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் வயிறு கழுவும் குழாயை எடுக்கச் சொன்னார். வாசலில் நின்ற மாட்டுவண்டியில், பருத்திப் பொதி மேல் வாயைத் திறந்தபடி கிடந்தார் அண்ணாச்சி. கம்பவுண்டர் காலைப் பிடிக்க, நான் தோளைப் பிடிக்க, உள்ளே தூக்கி வந்து மேஜையில் கிடத்தினோம். குழாய் உதட்டில் பட்டதும் கண் திறந்தார்.

டாக்டரம்மா நாடியை விடாமல், "எத்தனை மாத்திரை போட்டீங்க?" என்றார்.

"இருந்தது பூராவும்."

"எப்படிய்யா அத்தனையும் போட்டீங்க?"

"ஒவ்வொண்ணாத்தான். வெடிப்பு ஒடுக்கமால்லா இருக்கு."

"எந்த வெடிப்பு?"

"எங்க கரிசக்காட்டு வெடிப்பு. கோடையில கை முழுசும் உள்ள போவும். நீங்கதான மிச்சத்தப் போடச் சொன்னிய? அம்புட்டையும் முழுங்க எனக்கென்ன கிறுக்கா? வலியில தூங்கி எம்புட்டு நாளாச்சு, இன்னைக்குத்தான் அசந்தேன். அதுக்குள்ள வாயில ரப்பரத் திணிக்கிய."

டாக்டரம்மா சிரித்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அன்றே வாசகத்தை மாற்றினோம். சாப்பிடுவதற்கு 'முழுங்குங்க'. மிச்சத்துக்கு, பிள்ளைகள் தோண்டி எடுக்காமல் இருக்க, 'சாணியில குழைச்சு வெடிப்புல போட்டு மூடுங்க'. இனிக் குழப்பமே வராது என்று நினைத்தேன். சில நாளில் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கும் அக்கா ஒருவர் நொண்டிக்கொண்டு வந்தார். குதிகால் நிறையச் சாணி.

"சொன்னபடி வெடிப்புல போட்டேன் தம்பி. என்னமா காந்துது."

அதன்பிறகு, நான் சொன்னதைத் திருப்பிச் சொல்ல வைக்காமல் யாரையும் ஜன்னலை விட்டு அனுப்பியதில்லை. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கும் இதையே சொல்லுவேன். மருந்து வாங்குகிறவர்கள் வாயால் கேட்ட பிறகுதான், நாம் என்ன சொன்னோம் என்பது நமக்கே தெரியும்.