மாடி அறையின் பதினைந்து நாட்கள்

கிரேசி அக்கா இறந்துவிட்ட செய்தி காலை பத்து மணிக்கு நம் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. அவருடைய தம்பி சேவியர் அக்காவின் போனிலிருந்தே அனுப்பியிருந்தார். "அக்கா இன்னைக்குக் காலைல இறந்துட்டாங்க. நாளைக்குத் திருவரங்குளத்துல அடக்கம்." அக்காவின் பெயரோடும், கண்ணாடி போட்ட அந்தச் சிரித்த படத்தோடும் வந்ததால் அவரே ஏதோ அனுப்பியிருக்கிறார் என்று நினைத்து, வழக்கம்போல முதலில் கட்டைவிரலைத் தட்டிவிட்டுப் பிறகுதான் படித்தேன். அப்படி ஒரு மடையன் நான். உடனே அழித்துவிட்டேன். அதற்குள் எத்தனை பேர் பார்த்தீர்களோ, தெரியவில்லை.

குழுவில் இல்லாதவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் நாங்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். புதுக்கோட்டையைச் சுற்றி, சொந்த வீட்டில் ஓர் அறையையோ இரண்டு அறையையோ வெளியூர்க்காரர்களுக்குத் தங்கக் கொடுப்பவர்கள். சித்தன்னவாசல் ஓவியம், திருமயம் கோட்டை என்று வருகிறவர்கள் ஆப்பில் தேதி பார்த்துப் புக் செய்துவிட்டு வருவார்கள். எனக்கு அரிமளம். மாடியில் ஒரே அறை, தனிக் கழிப்பறை, வெளியிலிருந்தே ஏறத் தனிப் படிக்கட்டு. அக்காவுக்குத் திருவரங்குளத்தில் வீட்டின் பின்பக்கம் இரண்டு அறை. சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நூறு பிள்ளைகளுக்கு அளந்து பழகிய கைக்கு இரண்டு பேருக்கு அளக்கத் தெரியாது. அவர் வீட்டில் தங்கிவிட்டுப் பசி என்று சொன்னவர் யாருமில்லை. சாப்பிட்டு நகர முடியவில்லை என்று ஆப்பில் எழுதியவர்கள் உண்டு.

நான் இந்த வேலையைத் தொடங்கிய புதிதில் சென்னையிலிருந்து ஒரு பெண் தனியாக வந்து தங்கினார். ஏன் தனியாக வந்தீர்கள், வீட்டில் தெரியுமா, கல்யாணம் ஆகிவிட்டதா என்று போலீஸ்காரன் மாதிரிக் குடைந்தேன். மறுநாளே கிளம்பிப் போய் என்னைப் பற்றி ஆப்பில் கிழி கிழியென்று கிழித்துவிட்டார். யாரோ எண் கொடுத்து அக்காவைக் கூப்பிட்டுப் புலம்பினேன். முழுதும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "வாசல்ல வந்து நின்னவங்கள ஏன் வந்தீங்கன்னு கேக்கப்படாது தம்பி. சாப்பிட்டீங்களான்னு கேளுங்க. அது போதும்." பிறகு, எனக்குச் சிரிப்பு வரட்டும் என்று, "போறப்போ போர்வைய மடிச்சு வச்சுட்டுப் போனா நல்ல குடும்பம். சுருட்டி எறிஞ்சுட்டுப் போனா ஐடி கம்பெனி. அவ்வளவுதான் நமக்குத் தெரிய வேண்டியது" என்றார். அன்றிலிருந்து அவர் எனக்கு அக்கா.

முதல் ஊரடங்கில் நம் எல்லோருடைய புக்கிங்கும் ஒரே வாரத்தில் ரத்தானது. பன்னிரண்டு வீட்டுக்காரர்களையும் ஒரு குழுவில் சேர்த்துவிட்டது அக்காதான். குளத்தூர் முருகேசன் கதை உங்களுக்குத் தெரியும். மனைவி பிறந்த வீட்டுக்குப் போன இடத்தில் மாட்டிக்கொண்டார். இவர் வீட்டில் ஒரு வெளிநாட்டுத் தம்பதி மாட்டிக்கொண்டார்கள். முருகேசனுக்கு வெந்நீர் வைக்கவும் வராது. அக்கா தினமும் வீடியோ காலில் அடுப்புக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். "மூஞ்சியக் காட்டாதீங்க முருகேசா, சட்டியக் காட்டுங்க! தண்ணி பத்தல. ஊத்துங்க. இன்னும் ஊத்துங்க." ஒரு மாதத்துக்கு மேல் அந்த இரண்டு ஜீவன்களும் முருகேசன் வைத்த பருப்பு சூப்பில் உயிர் பிழைத்தார்கள். அந்த நாட்களில் நாம் அதைப் பார்த்துத்தான் சிரித்தோம்.

இன்னொரு ஏற்பாடும் அக்கா செய்தார். "யாராவது படுத்துட்டா அவங்க வீட்டு காலண்டர யாரு பாக்குறது? ஒருத்தர் வீட்ட இன்னொருத்தர் பாத்துக்குவோம்" என்றார். ஆப்பில் அதற்கு வழி இருக்கிறது. கோ-ஹோஸ்ட் என்று ஒருவரைச் சேர்த்துவிட்டால், அவர் தன் போனிலிருந்தே நம் வீட்டின் தேதிகளைத் திறக்கலாம், மூடலாம், வருகிறவர்களுக்குப் பதில் சொல்லலாம். இரண்டிரண்டு வீடாகச் சேர்ந்துகொண்டோம். எனக்கு அக்கா, அக்காவுக்கு நான். சேர்த்த அன்று அவரே என் மாடி அறையின் படங்களைப் பார்த்துவிட்டு, திரைச்சீலை அழுக்கு என்று திட்டினார். பிறகு ஊரில் ஒரு நடமாட்டமும் இல்லாமல் போனதால் நான் அந்த ஆப்பைத் திறப்பதையே விட்டுவிட்டேன். இப்படி ஓர் ஏற்பாடு இருப்பதும் மறந்துபோயிற்று.

இரண்டாம் அலை வந்தது. மருத்துவமனையில் வேலை பார்த்த இரண்டு நர்ஸ் பெண்களை அவர்கள் குடியிருந்த வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார். அக்கா தன் இரண்டு அறைகளையும் அவர்களுக்குத் திறந்துவிட்டார். அக்காவின் கணவரை நாம் எல்லோரும் கண்டக்டர் சார் என்போம். பஸ்ஸில் இருந்து ஓய்வு பெற்ற பிறகும், விருந்தாளிகளின் கார் கிளம்பும்போது வாசலில் நின்று "ரைட், போலாம்!" என்று விசில் அடிப்பார். அப்போது அவருக்கு வாரம் இருமுறை டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. குவைத்திலிருந்து விடுமுறைக்கு வந்த சேவியரும் திரும்பிப் போக முடியாமல் அந்த வீட்டில்தான் இருந்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் அக்கா என்னைக் கூப்பிட்டார். "தம்பி, சேவியருக்குப் பாசிட்டிவ்னு வந்துருச்சு. பெட்டு எங்கிட்டும் இல்லையாம், வீட்டுலயே தனியா இருக்கச் சொல்றாங்க. இங்க தனியா எங்க இருக்க? முன்பக்கம் ஒரே பாத்ரூமு. ஒங்க மாடி ரூமு சும்மாதான இருக்கு? அங்கிட்டு அனுப்பட்டுமா? கீழ எறங்கவே மாட்டான். இவருக்கு ஒட்டுனா தாங்க மாட்டாருய்யா." அத்தனை வருஷத்தில் அக்கா என்னிடம் எதையும் கேட்டதில்லை. அதுதான் முதல் தடவை.

என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. பிறந்ததிலிருந்து வீசிங். பக்கத்தில் நின்ற என் மனைவி விஜயா கையை ஆட்டி, வரச் சொல்லுங்க, வரச் சொல்லுங்க என்று சைகை காட்டினாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னேன்: "அய்யோ, ரூமுல ஆளு இருக்காங்களேக்கா. சென்னையிலேருந்து ஒரு குடும்பம். பதினஞ்சு நாளைக்கு எடுத்துருக்காங்க."

"சரிங்க தம்பி. பாப்பாவப் பத்திரமாப் பாத்துக்கங்க. வெளிய விடாதீங்க" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

இதைத்தான் இத்தனை நாள் உங்கள் யாரிடமும் சொல்லவில்லை. மாடியில் யாரும் இல்லை. சென்னைக் குடும்பம் என்று ஒன்றும் கிடையாது.

"பொய்யி நல்லாத்தான் வருது வாயில" என்றாள் விஜயா. "புள்ளைக்கு ஒண்ணு ஆனா நீ பொறுப்பா?" என்று நான் கத்தினேன். அவள் மாடிக்குப் போய் அறையைப் பெருக்கித் துடைத்து, புது விரிப்பு விரித்து, ஒரு குடத்தில் தண்ணீர் வைத்துவிட்டு இறங்கி வந்தாள். நான் மனம் மாறி அக்காவைத் திரும்பக் கூப்பிடுவேன் என்று நினைத்திருக்கிறாள். நான் கூப்பிடவில்லை.

அன்று சாயங்காலம் சேவியருக்கு இடம் தேடி முருகேசன் குழுவில் கேட்டது நினைவிருக்கிறதா? அவரே காய்ச்சலில் கிடந்தார். "அரிமளத்துல மாடி காலியாத்தான இருக்கும்?" என்று எழுதினார். நான் பதில் போடுவதற்குள் அக்கா எழுதினார்: "இல்ல முருகேசா, அங்க ஆளு இருக்காங்க. நான் பாத்துட்டேன்." அப்பாடா என்று இருந்தது எனக்கு. அக்கா நம்பிவிட்டார் என்று நினைத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்று நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

சேவியரை முன்பக்கத்துக் கூடத்தில் ஒரு மூலையில், புடவையைத் திரையாகக் கட்டிப் படுக்க வைத்திருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கண்டக்டர் சாருக்குக் காய்ச்சல் கண்டது. அடுத்து அக்காவுக்கு. சேவியர் எழுந்துவிட்டார். கண்டக்டர் சார் எழவில்லை. அவரைக் கல்லறைக்குக் கொண்டுபோனபோது நம்மில் ஒருவரும் பக்கத்தில் இல்லை, இருக்கவும் விடவில்லை. அக்காவும் படுக்கையில் கிடந்தார். அந்த நர்ஸ் பெண்கள்தான் அவரைப் பார்த்துக்கொண்டார்கள். கொஞ்சம் எழுந்து உட்கார முடிந்ததும் அக்கா குழுவில் போட்ட முதல் செய்தி இது: "யாருக்காச்சும் தனி ரூமு தேவைன்னா சொல்லுங்க. என் வீட்டுல இப்ப எடம் இருக்கு." அதற்கும் நான் கட்டைவிரலைத்தான் தட்டினேன்.

அதற்குப் பிறகு எதுவும் சரியாகவில்லை. பன்னிரண்டு வீடுகளில் இன்று ஆள் வந்து தங்குவது மூன்றில். மற்றவர்கள் அறையை மளிகை வைக்கவும் நெல் மூட்டை அடுக்கவும் வைத்திருக்கிறீர்கள். குழுவில் காலை வணக்கமும் செத்தவர்களின் படமும்தான் வருகின்றன. அக்காவின் நுரையீரல் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. வாசலிலிருந்து அடுப்படிக்குப் போவதற்குள் இரண்டு தடவை உட்கார வேண்டியிருந்தது. இந்த மழைக்காலத்துச் சளி அவரைக் கொண்டுபோய்விட்டது.

போன மாதம் அவரைப் பார்க்கப் போனேன். சொல்லிவிட வேண்டும் என்று முடிவெடுத்துத்தான் போனேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. "அக்கா, அன்னைக்கு நீங்க போன் பண்ணப்ப..." என்று ஆரம்பித்தேன். கையை உயர்த்தினார். "பாப்பாவுக்கு வீசிங் இப்ப எப்படி இருக்கு?" என்றார். நின்றுவிட்டது என்றேன். "அது போதும்யா" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். சேவியர் தட்டு போட்டார். நான் உட்கார்ந்து சாப்பிட்டேன். சாப்பிட்டுவிட்டு, சொல்ல வந்ததைச் சொல்லாமலே பஸ் ஏறினேன்.

அடக்கத்துக்கு நம்மில் வந்தது நாலு பேர். முருகேசன் மாதா கோயில் வாசலில் நின்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். "சட்டியக் காட்டச் சொல்ல இனிமே யாரு இருக்கா?" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அழுகை வரவில்லை. அக்கா வீட்டிலிருந்து கார்கள் கிளம்பியபோது விசில் அடிக்க ஆளில்லாத அந்த வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீடு திரும்பிய மறுநாள் என் போனில் ஓர் அறிவிப்பு வந்தது. அக்காவின் வீட்டுக்கு யாரோ ஒரு குடும்பம் தேதி கேட்டிருந்தார்கள். அவருக்கு நான்தானே கோ-ஹோஸ்ட்? அது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவர் வீட்டின் தேதிகளை மூடுவது என் வேலை. மூடினால் ஒரு சின்னக் கட்டம் திறந்து, காரணம் ஏதாவது எழுதுகிறீர்களா என்று கேட்கிறது. அப்படி ஒரு கட்டம் இருப்பதே எனக்குத் தெரியாது. அதில் என்ன எழுதுவது? வெறுமனே விட்டுவிட்டேன்.

அக்கா வீட்டுக் காலண்டருக்கு நேர் கீழே என் வீட்டுக் காலண்டர் இருந்தது. ஏன் செய்தேன் என்று தெரியவில்லை, விரலால் பின்னால் தள்ளிக்கொண்டே போனேன். கண்டக்டர் சார் போன அந்த மாதம் வந்தது. ஊரே அடைந்து கிடந்த அந்த மாதத்தில், நான் ஆப்பைத் தொடவே தொடாத அந்த மாதத்தில், என் மாடி அறை சரியாகப் பதினைந்து நாள் மூடப்பட்டிருந்தது. மூடியவர் கிரேசி என்றிருந்தது. அதே செவ்வாய்க்கிழமை. கட்டத்தில் எழுதியிருந்தார்: "சென்னை குடும்பம். 15 நாள். யாரும் தம்பிய கேக்க வேணாம்."

போனை வைத்ததும் அக்கா என் காலண்டரைத் திறந்து பார்த்திருக்கிறார். அறை காலி என்று அதில் இருந்திருக்கிறது. வேறு யார் கண்ணிலும் படும் முன் தன் கையால் மூடிவிட்டு, அதன் பிறகு முருகேசனுக்கு "நான் பாத்துட்டேன்" என்று எழுதியிருக்கிறார். அதன் பிறகுதான் புடவையை எடுத்து, கூடத்தில் திரை கட்டியிருக்கிறார்.

அக்காவிடமிருந்து உங்கள் ஒவ்வொருவரிடமும் ஏதோ ஒன்று இருக்கும். முருகேசனிடம் அந்தப் பருப்பு சூப் இருக்கிறது. என்னிடம் இருப்பது இந்தப் பதினைந்து நாள். கோ-ஹோஸ்ட் இடத்திலிருந்து அவர் பெயரை நான் எடுக்கவில்லை, எடுக்கப்போவதும் இல்லை. இதைப் படித்த பிறகு என்னைக் குழுவிலிருந்து எடுப்பதென்றால் எடுத்துவிடுங்கள், ஏன் என்று கேட்க மாட்டேன். உங்களிடம் சொல்லிவிட்டேன். சொல்ல வேண்டியவரிடம் சொல்லவில்லை.

ரூமு காலியாத்தான் இருந்துச்சுக்கா. விரிப்பு விரிச்சு, கொடத்துல தண்ணி வச்சு, பதினஞ்சு நாளும் சும்மாதான் கெடந்துச்சு.